எடைக்குப் போடாதீர்கள்!



நம்ம நிலக்கோட்டை பூ மார்க்கெட்டில் அன்றைய விலை கேட்காமல் ஒரு கிலோ மல்லிகையைக் கொடுப்பீர்களா? மாட்டீர்கள். ஆனால் பாட்டி வீட்டை இடிக்கும்போது பித்தளைச் சொப்பு, பல்லாங்குழி, மரப்பாச்சி எல்லாம் விசாரிக்காமலே பழைய சாமான் கடைக்குப் போகிறது. கேட்டால், "பழசுதானே சார்!"

அதே சாமான் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் துடைத்து வைத்தால் 'ஆன்டிக்'. ஏலத்துக்குப் போனால் வேறு விலை. பித்தளை மாறவில்லை. நீங்கள் விற்றது எடையை. அவர்கள் விற்பது வயதை. வியாபாரி மேல் தப்பில்லை. அவராவது உருக்காமல் வைத்திருக்கிறார்.

வெளிநாட்டு ஏலங்களில் பழைய தகரப் பொம்மைக்கு அதன் அட்டைப்பெட்டியும் இருந்தால் விலை கூடும். யாரிடம் இருந்தது என்ற விவரத்துக்கும் மதிப்பு உண்டு. கல்யாணச் சீராக வந்து கொலுவில் உட்கார்ந்த மரப்பாச்சியின் விவரம் உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்?

சட்டமும் தெரிந்திருக்கட்டும். 1972 தொல்பொருள் சட்டப்படி 100 வருடம் தாண்டிய கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. மதிப்புள்ள ஓலைச்சுவடிக்கு 75 வருடமே போதும். இவற்றை விற்கும் வியாபாரிக்கு லைசென்ஸ் வேண்டும்.

விற்கவே கூடாது என்று சொல்லவில்லை. கஷ்டத்துக்கு விற்கலாம். விற்குமுன் நாலு இடத்தில் விசாரியுங்கள். போட்டோ எடுத்து, யாருடையது, எந்த ஊர் என்று எழுதி வையுங்கள். ஒன்றையாவது பேரப்பிள்ளை கையில் கொடுங்கள். பல்லாங்குழி ஆடத்தான் செய்தது, தராசில் வைக்க அல்ல.