அழைக்கும் முன் அடங்கப் பழகுவோம்

அமெரிக்காவில் வசந்தம் பிறந்ததும் காட்டு வான்கோழி வேட்டைக்காலம் தொடங்குகிறது. ஹலாலான இறைச்சியைத் தாமே தேடிக்கொள்ள விரும்பி, அங்கு வாழும் முஸ்லிம்களிலும் சிலர் இதில் இறங்குகின்றனர். புதியவர் முதலில் வாங்குவன அழைப்பொலிக் கருவியும் போலிப் பறவையுமே. இவ்விரண்டையும் கற்பதென்பது பெரிதும் அடக்கத்தைக் கற்பதே என்பது எமது கருத்து.

இயற்கையில் சேவல் குரல் கொடுக்கும். பெட்டை அதனை நாடிச் செல்லும். வேட்டையாடுபவரோ பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலைத் தம்மிடம் வரவழைக்க முயல்கிறார். இடைவிடாது அழைத்தால், பெட்டை தானே வருமென்று சேவல் நின்ற இடத்திலேயே நின்றுவிடும். மூடியை உரசி ஒலியெழுப்பும் மரப்பெட்டியே புதியவருக்கு எளிது. வாய்க்குள் வைத்து ஊதும் சவ்வுக் கருவி கைகளுக்கு ஓய்வளிக்கும். ஆயினும் பழக நாளாகும். பெட்டையின் இயல்பான அழைப்பை மட்டும் செம்மையாகக் கற்றால் தொடக்கத்திற்குப் போதும். சேவல் பதிலளித்து நெருங்கத் தொடங்கியதும் கருவியைக் கீழே வைத்துவிட்டு அசையாதிருத்தல் வேண்டும். வான்கோழியின் பார்வை மிகக் கூர்மையானது.

போலிப் பறவையைச் சுமார் 20 கெஜ தூரத்தில், தெளிவாகத் தெரியும் வெளியில் நடுவர். பறவையை ஏமாற்றும் இவை மனிதரையும் ஏமாற்றும் என்பதை நாம் மறக்கலாகாது. அந்த ஒலியைக் கேட்டு மற்றொரு வேட்டைக்காரர் துப்பாக்கியுடன் நெருங்கி வரலாம். எனவே போலிப் பறவையைப் பையில் மூடியே எடுத்துச் செல்ல வேண்டும். சேவலின் தலையில் காணப்படும் சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களை உடையில் தவிர்க்க வேண்டும். தோளினும் அகன்ற மரத்தில் முதுகு சாய்த்து அமர வேண்டும். யாரேனும் வந்தால் கையசைக்காமல் உரக்கப் பேச வேண்டும். பறவையை முழுமையாகக் கண்டு உறுதிசெய்யாமல் விசையில் விரல் வைக்கலாகாது.

வேட்டையை மார்க்கம் அனுமதித்துள்ளது. ஆனால் உயிருள்ளதை வெறும் இலக்காக்கி எய்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். தொலைவில் நிற்கும் பறவையைச் சுட்டுக் காயப்படுத்தித் தவறவிடுவது அத்தடையின் நோக்கத்திற்கு முரணானது என்றே நாம் கருதுகிறோம். 40 கெஜத்திற்கு அப்பால் சுடாதிருத்தல் புதியவருக்கு நல்ல எல்லை. அல்லாஹ்வின் பெயர் கூறிச் சுட வேண்டும். உயிருடன் கிடைத்தால் முறைப்படி அறுக்க வேண்டும். குண்டு பட்டே இறந்துவிட்டதை உண்ணலாமா என்பதில் அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆதலால் காட்டிற்குப் புறப்படும் முன்பே ஆலிமிடம் கேட்டுத் தெளிவது கடமை.

கட்டற்ற வேட்டையாலும் காடழிப்பாலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல மாநிலங்களில் இப்பறவை அற்றுப்போனது. எஞ்சியவற்றைப் பிடித்துப் பிற காடுகளில் விட்டே மீட்டெடுத்தனர். உரிமச் சட்டமும் எண்ணிக்கை வரம்பும் அந்த அமானிதத்தைக் காப்பவை. அவற்றைப் பேணுபவரே அழைப்பொலியைக் கையிலெடுக்கத் தகுதியுடையவர்.

அல்லாஹ்வே நன்கறிந்தவன்.