பரப்பியவன் யார்?

சப்பானியர்க்கு 'ஈஃபுரசு' என்றொரு வினையுண்டு. ஒன்றைச் சொல்லிச் சொல்லி ஊரெங்கும் பரப்புதல் என்பது பொருள். பழுதற்ற சொந்தச் சொல். அஃதிருக்கவும், செருமானியரின் 'தெமகோகி'யைத் தறித்துத் 'தெமா' என்று பொய்ச்செய்திக்குப் பெயரிட்டுக்கொண்டனர். (அலரையும் அம்பலையும் விட்டு 'வதந்தி'யைச் சுமக்கும் தமிழர் அவரை நகைத்தற்கில்லை!)

'தெமா பறந்தது' என்றால் பறக்கவிட்டவன் மறைந்துகொள்வான். 'ஈஃபுரசு' அவ்வாறு விடாது. பரப்பியவன் ஒருவனைக் கேட்கும்.

1923 செப்டம்பர் 1-இல் தோக்கியோ நிலநடுக்கத்தால் எரிந்தது. கொரியர் கிணற்றில் நஞ்சிட்டனர் என்னும் பொய் எழுந்தது. காவல்துறையினரே அதனைப் பரப்பினர். தெருக்காவற் கூட்டத்தார் வழிமறித்து, '15 யென் 50 சென்' எனச் சப்பானிய மொழியில் ஒலிக்கச் சொன்னார்கள். நாப்பிறழ்ந்தோர் கொலையுண்டனர். மொழியைக் கொலைவாளாக்கிய கொடுமை அது! ஃபுகுதா சிற்றூரில், ககாவாவினின்று வந்த சப்பானிய வணிகக் குழுவினருள் 9 பேரும் பேச்சு வேறுபட்டமையால் ஐயுறப்பட்டு மாண்டனர்.