கழிவு 'நிரப்புமண்' ஆன கதை: அப்பலாச்சியா மலைகளில் புதையும் ஓடைகள்

அமெரிக்காவின் மேற்கு வெர்ஜீனியா மாநிலம், லோகான் மாவட்டத்தில் பிளேர் என்ற சிற்றூர் உள்ளது. அதன் அருகே மலையிலிருந்து இறங்குகிறது பிஜன்ரூஸ்ட் என்ற சிறிய ஓடை. வரைபடத்தில் தேடினால் எளிதில் அகப்படாது. ஆனால் இந்த ஓடையும் பக்கத்திலுள்ள ஓல்டுஹவுஸ் ஓடையும் உயிரோடு இருக்க வேண்டுமா, கற்குவியலுக்கு அடியில் போக வேண்டுமா என்ற வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் வாசல் வரை சென்றது.

அங்கே 'ஸ்புரூஸ் எண் 1' என்ற நிலக்கரிச் சுரங்கத்துக்கு 2007இல் அனுமதி கிடைத்தது. திட்டத்தின் பரப்பளவு 2,278 ஏக்கர். மலையின் தலையை வெட்டி, அந்தக் கல்லையும் மண்ணையும் ஓடைகள் ஓடும் பள்ளத்தாக்குகளில் கொட்டுவதுதான் திட்டம். 2011 ஜனவரியில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு வாரியம் தலையிட்டு, இந்த இரு ஓடைகளிலும் அவற்றின் கிளைகளிலும் கொட்டுவதற்கான அனுமதியை ரத்து செய்தது. நிறுவனம் வழக்குத் தொடுத்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் மேல்முறையீட்டை விசாரிக்க மறுத்தது. 10 கிலோமீட்டருக்கும் அதிகமான நீரோட்டம் தப்பியது.

மற்ற ஓடைகளுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. மேற்கு வெர்ஜீனியா, கென்டக்கி, வெர்ஜீனியா, டென்னசி ஆகிய மாநிலங்களை உள்ளடக்கிய மத்திய அப்பலாச்சியாவில் ஏறத்தாழ 2,000 மைல் நீள ஓடைகள் புதைந்துவிட்டதாக அதே வாரியம் கணக்கிட்டுள்ளது. அதாவது சுமார் 3,200 கிலோமீட்டர். புக்கிட் காயு ஹீத்தாமிலிருந்து ஜொகூர் பாருவுக்கு நெடுஞ்சாலையில் இரண்டு முறை போய்த் திரும்பினால் ஏறத்தாழ அந்தத் தூரம் வரும்.

இது சட்டத்தை மீறி இரவோடு இரவாக நடந்த காரியம் அல்ல. பெரும்பாலும் கையில் அனுமதிக் கடிதத்தோடு நடந்தது. விதிகளின் வாசகம் எப்படி மெல்ல மெல்ல மாறியது என்பதைப் பார்த்தால்தான் இது புரியும்.

மலையின் தலையை வெட்டுவது எப்படி?

பழைய முறையில் தொழிலாளர்கள் மலையைக் குடைந்து உள்ளே போனார்கள். 1970ஆம் ஆண்டுகளிலிருந்து பரவிய புதிய முறையில், நிலக்கரிக்கு மேலிருக்கும் மலையையே அகற்றிவிடுகிறார்கள். முதலில் காடு அழிக்கப்படும். பிறகு பாறையில் துளையிட்டு வெடி வைப்பார்கள். மாடிக் கட்டடம் போன்ற உயரமுள்ள இயந்திரங்கள் உடைந்த பாறையை அள்ளி ஓரம் தள்ளும். அடியில் தெரியும் கரிப்படலம் சில அடி கனம்தான் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு அடுத்த படலத்துக்குப் போவார்கள்.

இதில் ஓர் எளிய கணக்கு இருக்கிறது. இறுகிக் கிடந்த பாறையை உடைத்தால் அது முன்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். வெட்டிய இடத்திலேயே எல்லாவற்றையும் திரும்ப வைக்க முடியாது. மிச்சத்தை எங்கே போடுவது? பக்கத்துப் பள்ளத்தாக்கில்தான். லாரியில் ஏற்றித் தொலைவுக்குக் கொண்டுபோவதைவிட அதற்குச் செலவு மிகக் குறைவு.

டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2016இல் மேற்கு வெர்ஜீனியாவின் தென்பகுதியை அளந்து பார்த்தார்கள். 1,544 பள்ளத்தாக்குகளில் 6.4 கன கிலோமீட்டர் பாறைக்கழிவு கொட்டப்பட்டிருந்தது. வெட்டப்பட்ட இடங்கள் முன்பிருந்ததைவிட 40 விழுக்காடு தட்டையாகிவிட்டன.

புதைந்த பிறகும் நீர் ஓடும்

ஓடையை மூடிவிட்டால் நீர் நின்றுவிடாது. மழைநீர் அந்தக் கற்குவியலுக்குள் இறங்கி, உடைந்த பாறைகளை நனைத்துக்கொண்டு, அடிவாரத்தில் வெளியே வரும். கோடிக்கணக்கான ஆண்டுகளாகக் காற்றும் நீரும் படாமல் கிடந்த பாறை அது. அதிலுள்ள சல்பேட், செலினியம் போன்றவை கரைந்து நீரோடு கலக்கின்றன.

இத்தகைய நீரில் முதலில் காணாமல் போவது ஓடைக்கல்லுக்கு அடியில் வாழும் சிறு பூச்சிகள். மீனுக்கும் பறவைக்கும் அவைதான் உணவு. செலினியம் மீனின் உடலில் சேர்ந்தால் குஞ்சுகள் உருக்குலைந்து பிறக்கலாம். மார்கரெட் பால்மர் தலைமையிலான அறிவியலாளர்கள் 2010 ஜனவரியில் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட கட்டுரை, இந்தச் சேதம் பரவலானது, சீர்செய்ய முடியாதது என்று எடுத்துக் காட்டியது. சுரங்கம் மூடிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னும் கற்குவியலின் அடியிலிருந்து அதே நீர் வந்துகொண்டிருக்கிறது.

சட்டம் பிறந்த காரணம்

பிஜன்ரூஸ்ட் ஓடும் அதே லோகான் மாவட்டத்தில் 1972 பிப்ரவரி 26ஆம் நாள் காலை, பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில் நிலக்கரிக் கழிவால் கட்டிய அணை உடைந்தது. 132 மில்லியன் கேலன் கறுப்புச் சேறு கீழே இருந்த குடியிருப்புகளை அடித்துச் சென்றது. 125 பேர் மாண்டனர். 4,000க்கும் மேற்பட்டோர் வீடிழந்தனர். நிறுவனத் தரப்பு அதைக் 'கடவுளின் செயல்' என்றது.

மக்களின் கோபம் அடங்கவில்லை. மேற்பரப்புச் சுரங்கங்களைக் கட்டுப்படுத்தும் மசோதாவை அதிபர் ஃபோர்டு இரண்டு முறை தடுத்தார். 1977 ஆகஸ்டு 3ஆம் நாள் அதிபர் கார்ட்டர் அதில் கையெழுத்திட்டார். வெட்டிய மலையை ஏறக்குறைய பழைய வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அதன் அடிப்படை. தட்டையாக விட்டால் அங்கே தொழிலோ குடியிருப்போ வரும் என்று காட்டினால் விலக்கு உண்டு. 1983இல் இன்னொரு விதி வந்தது: ஓடும் ஓடையிலிருந்து 100 அடிக்குள், நீருக்குக் கேடு வராது என்று உறுதியானால் மட்டுமே சுரங்க வேலை நடக்கலாம்.

படித்துப் பார்த்தால் தெளிவான விதிதான். ஓடைக்குப் பக்கத்திலேயே வேலை செய்யக்கூடாது என்றால் ஓடையின் மேலேயே மலையைக் கொட்டலாமா? 1999இல் நீதிபதி சார்ல்ஸ் ஹேடன் கூடாது என்று தீர்ப்பளித்தார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைத் தள்ளியது. ஓடைகளைப் புதைப்பது சரி என்று அது சொல்லவில்லை. இந்த வழக்கை மத்திய நீதிமன்றம் விசாரிக்க முடியாது என்றே சொன்னது.

ஒரு சொல், ஒரு தூரம், ஒரு விளக்கம்

முதல் மாற்றம் ஒரு சொல்லில் நடந்தது. தூய நீர்ச் சட்டத்தின்படி, ஓடையில் 'நிரப்புமண்' கொட்ட இராணுவப் பொறியாளர் படை அனுமதி தரலாம். பாலம் கட்டவும் நிலம் மேடாக்கவும் வைத்த வழி அது. முதன்மையாகக் கழிவை ஒழித்துக்கட்டவே கொட்டினால் அது நிரப்புமண் ஆகாது என்று படையின் பழைய விதி சொன்னது. 2002 மே மாதம் புஷ் அரசாங்கம் விளக்கத்தை மாற்றியது. எந்த நோக்கத்துக்காகக் கொட்டினாலும், நீர் இருந்த இடம் நிலமாக மாறினால் அது நிரப்புமண்தான். சுரங்கப் பாறைக்கழிவு அதில் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டது. முன்பே நடந்துவந்த காரியத்துக்கு அன்று சட்டத்தின் முத்திரை கிடைத்தது.

இரண்டாவது மாற்றம் அந்த 100 அடியில் நடந்தது. 2008 டிசம்பரில், பதவி விட்டுப் போகச் சில வாரங்களே இருந்தபோது, அதே அரசாங்கம் 1983 விதியைத் தளர்த்தியது. சேதத்தை இயன்றவரை குறைத்தால் போதும் என்றானது. 2014இல் நீதிமன்றம் அந்த விதியை ரத்து செய்தது. ஒபாமா அரசாங்கம் பல ஆண்டுகள் உழைத்து 2016 டிசம்பரில் புதிய ஓடைப் பாதுகாப்பு விதியை வெளியிட்டது. தோண்டுவதற்கு முன்பே நீரை அளந்து பதிவு செய்ய வேண்டும், பின்னரும் கண்காணிக்க வேண்டும் என்றது அது. 2017 ஜனவரி 19ஆம் நாள் நடப்புக்கு வந்த அந்த விதியை நாடாளுமன்றம் நீக்கியது. பிப்ரவரி 16ஆம் நாள் அதிபர் டிரம்ப் கையெழுத்திட்டார். விதியின் ஆயுள் ஒரு மாதம்கூட இல்லை. இப்படி நீக்கப்பட்ட விதியைப் போன்ற இன்னொன்றைப் புதிய சட்டம் இல்லாமல் எந்த அரசாங்கமும் கொண்டுவர முடியாது. எனவே கைவசம் மிஞ்சியிருப்பது 1983 விதிதான்.

மூன்றாவது மாற்றம், எது ஓடை என்ற விளக்கத்தில். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றம் வேறொரு வழக்கில், ஏறக்குறைய நிரந்தரமாக நீர் இருக்கும் இடங்களுக்கே தூய நீர்ச் சட்டம் பொருந்தும் என்று தீர்ப்பளித்தது. மலையுச்சி ஓடைகளில் பல மழை பெய்தால் மட்டும் ஓடுபவை. அவை இந்தச் சட்டத்தின் காவலை இழந்தன.

நோயைப் பற்றிய ஆய்வும் நின்றது

சுரங்கங்களுக்கு அருகில் வாழ்வோரிடம் பிறவிக் குறைபாடுகளும் சில நோய்களும் அதிகம் காணப்படுவதாகச் சில ஆய்வுகள் கூறின. வறுமை, புகைப்பழக்கம் போன்ற காரணங்களும் இருப்பதால், சுரங்கம்தான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது எனத் தொழில்துறை மறுத்தது. இந்தக் குழப்பத்தைத் தீர்க்கவே 2016இல் மேற்கு வெர்ஜீனியா மாநிலத்தின் கோரிக்கையின்படி தேசிய அறிவியல் கழகங்களின் ஆய்வு தொடங்கியது. 2017 ஆகஸ்டில் மத்திய உள்துறை அமைச்சு அதை நிறுத்தச் சொன்னது. செலவு மிச்சம் என்பது சொன்ன காரணம். ஆய்வின் மொத்தச் செலவே சுமார் 1 மில்லியன் டாலர்தான்.

மக்கள் புகார் கொடுக்கும் வழியும் அரசாங்கத்துக்கு அரசாங்கம் மாறுகிறது. புகார் வந்தால் மத்திய அலுவலகம் மாநிலத்துக்கு 10 நாள் கெடு கொடுத்துப் பதில் கேட்கும். 2020இல் அந்த வழி தளர்த்தப்பட்டது. 2024இல் மீண்டும் இறுக்கப்பட்டது. 2025 ஏப்ரலில் டிரம்ப் நிலக்கரிக்கு ஆதரவான ஆணைகளில் கையெழுத்திட்டு, அத்தொழிலுக்குத் தடையாக உள்ள விதிகளைக் கண்டறிந்து நீக்கும்படி அரசு அலுவலகங்களைப் பணித்துள்ளார்.

வேலை என்ற வாதம்

தளர்வை ஆதரிப்போர் சொல்லும் காரணம் வேலைவாய்ப்பு. அதை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. சுரங்கத்தை விட்டால் வேறு நல்ல சம்பளம் இல்லாத ஊர்கள் அவை. சுரங்கம் மூடினால் கடையும் பள்ளியும் சேர்ந்தே மூடுகின்றன.

ஆனால் வேலையைக் குறைத்ததில் இந்த முறைக்கே பெரும் பங்கு உண்டு. வெடியும் ராட்சத இயந்திரமும் வந்தால் ஆட்கள் அதிகம் வேண்டாம். 1940ஆம் ஆண்டுகளில் மேற்கு வெர்ஜீனியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சுரங்கங்களில் வேலை செய்தனர். இன்று 20 ஆயிரத்துக்கும் குறைவு. மலிவான இயற்கை எரிவாயுவும் நிலக்கரியின் சந்தையைப் பறித்துவிட்டது. விதியைத் தளர்த்துவதால் எரிவாயு விலை ஏறப்போவதில்லை.

தோட்டத்து லயன் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு அந்த மக்களின் பழைய வாழ்க்கை நன்றாகவே விளங்கும். நிறுவனம் கொடுத்த வீடு, நிறுவனத்தின் கடை, அந்தக் கடையில் மட்டும் செல்லும் கூலி வில்லை. வேலை போனால் வீடும் போகும். 1921இல் சுமார் 10,000 தொழிலாளர்கள் தொழிற்சங்க உரிமைக்காகத் துப்பாக்கி ஏந்திப் போராடிய பிளேர் மலை, பிஜன்ரூஸ்டுக்கு அருகில்தான் இருக்கிறது. அந்த மலையையும் வெட்டத் திட்டம் இருந்தது. 2009இல் வரலாற்றுச் சின்னங்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டு, அதே ஆண்டில் நீக்கப்பட்டு, 2018இல்தான் அது மீண்டும் இடம்பெற்றது.

நிலம் சொந்தமாக இருந்தவர்களுக்கும் பாதுகாப்பு இல்லை. கென்டக்கியில் பாட்டன் காலத்தில் அற்பத் தொகைக்கு எழுதிக் கொடுத்த பத்திரத்தைக் காட்டி, வீட்டுக்காரரின் சம்மதம் இல்லாமலே நிலத்தைத் தோண்டினார்கள். 1988இல் அதைத் தடுக்க வாக்கெடுப்பு நடந்தபோது 80 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் மக்கள் பக்கம் நின்றனர். நிலக்கரியை நம்பி வாழும் மாநிலத்தில் கிடைத்த முடிவு அது.

கணக்கு யார் பெயரில்?

இப்போது மலையுச்சிச் சுரங்கங்கள் முன்பைவிடக் குறைந்துவிட்டன. எளிதில் எடுக்கக்கூடிய கரி பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. பெரிய அளவில் இம்முறையைக் கையாண்ட பேட்ரியட் கோல் நிறுவனம் 2012இல் அதைப் படிப்படியாகக் கைவிட ஒப்புக்கொண்டது. 2015இல் இரண்டாவது முறையாகத் திவாலானது.

இனிமேல்தான் விதிகளுக்கு வேலை அதிகம். நிறுவனம் திவாலானால் கற்குவியலின் அடியிலிருந்து வரும் நீரைச் சுத்திகரிப்பது யார்? முன்கூட்டிக் கட்டிய பிணைத்தொகை போதாவிட்டால் செலவு வரி கட்டுவோர் தலையில் விழும். அதுவும் நடக்காவிட்டால் கீழே வாழ்பவரின் கிணற்றில் வந்து சேரும். தோண்டுவதற்கு முன் நீரை அளந்து பதிவு செய்யச் சொன்ன விதி 2017இல் போனதால் இழந்தது இதைத்தான். முன்பு நீர் எப்படி இருந்தது என்ற முழுமையான பதிவு இல்லாவிட்டால், கெட்டது யாரால் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கும் சுமை அந்தக் கிணற்றுக்காரர் மேல்தான் விழும்.

பிஜன்ரூஸ்டைக் காப்பாற்றியது ஓர் அதிகாரியின் கையெழுத்தும், அந்தக் கையெழுத்துக்கு இடம் கொடுத்த ஒரு சட்டப் பிரிவும். அடுத்த ஓடைக்கு ஆபத்து வரும்போது கையெழுத்திட மனமுள்ள அதிகாரியும் வேண்டும், அவர் கையில் அதற்கான சட்டமும் மிஞ்சியிருக்க வேண்டும்.