நிலைத்த பெயர் வேண்டும்!

'நெல்லித்தோப்பு' என்று சொன்னால் புதுவையில் எந்த ஆட்டோக்காரரும் வழி கேட்காமல் கொண்டுவந்து இறக்கிவிடுவார். இறங்கிப் பார்த்தால் கடைகளும் வீடுகளும் இருக்கும், தோப்பைத்தான் காணோம்! ஆயினும் எவரும் வழி தவறுவதில்லை. நம் ஊரையே எடுத்துக்கொள்வோம். 2006ஆம் ஆண்டுச் சட்டத்தால் பாண்டிச்சேரி என்ற ஆட்சிப் பெயர் புதுச்சேரி ஆயிற்று. புதுவை என்ற செல்லப் பெயரும் உண்டு. ஓர் ஊருக்கு மூன்று பெயர் இருப்பதால் தீங்கில்லை. ஆனால், இன்று இவ்வூருக்கு உள்ள பெயர் நாளைக் காலை காரைக்காலுக்குப் போய்விட்டால் என்ன ஆகும்? கணிப்பொறிக்குள் அத்தகைய விபரீதம் நிகழக்கூடும் என்பதைப் பட்ட பிறகே அறிந்தேன்.

என் தந்தையார் நெல்லித்தோப்பில் மளிகைக் கடை வைத்திருக்கிறார். கடன் கணக்கு முழுவதும் லினக்ஸ் இயங்கும் ஒரு பழைய கணிப்பொறியில் இருந்தது. அதில் முதல் ஹார்ட் டிஸ்க்கின் பெயர் எஸ்டிஏ. கணக்கு இருந்த இரண்டாவது, எஸ்டிபி. நகலெடுக்க நான் வெளியிலிருந்து செருகும் வட்டு, எஸ்டிசி. 'பி-யில் உள்ளதைச் சி-க்கு நகலெடு. பி-யில் இல்லாததைச் சி-யிலிருந்து நீக்கு' என்று ஓர் ஆணைத் தொடர் எழுதிவைத்திருந்தேன்.

தேர்வுக் காலம் என்று மூன்று மாதம் நகலெடுக்காமல் விட்டுவிட்டேன். தேர்வு முடிந்த அன்று, வெளி வட்டை முதலில் செருகிவிட்டுப் பிறகு கணிப்பொறியை இயக்கினேன். அவ்வளவுதான்! முந்திக்கொண்ட வெளி வட்டு பி ஆயிற்று. கணக்கு வட்டு சி ஆயிற்று. என் ஆணை இம்மியும் பிசகாமல் நிறைவேறியது. மூன்று மாதப் பழைய நகல், புதிய கணக்கை அழித்துவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்துகொண்டது.

தந்தையார் கோபிக்கவில்லை. நோட்டுப் புத்தகத்துடன் வீடு வீடாகச் சென்றார். பெரும்பாலோர் தாங்களே தொகையைச் சொன்னார்கள், சிலர் சொல்லவில்லை. திரும்பி வந்தவர் கேட்டது ஒன்றே: "நான் ஆளைப் பார்த்துக் கடன் கொடுக்கிறேன். உன் மெஷின், வரிசையில் நிற்கிற இடத்தைப் பார்த்தா பேர் வைக்குது?"

உண்மை அதுதான். லினக்ஸின் கெர்னல், வட்டுகளைக் கண்டுபிடிக்கும் வரிசையிலேயே இவ்வெழுத்துகளை வழங்குகிறது. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் அந்த வரிசை ஒன்றாகவே இருக்கும் என்று அது உறுதி கூறுவதில்லை. ரேஷன் கடை வரிசையில் இன்று இரண்டாவதாக நின்றவர் நாளையும் இரண்டாவதாகவே நிற்பார் என்று நம்பியது என் பிழையே.

இதற்கு மாற்று இல்லாமல் இல்லை. 2003இல் தோன்றிய யூடெவ் என்னும் ஏற்பாடு, ஒவ்வொரு வட்டுக்கும் வேறு பெயர்களையும் தருகிறது. வட்டின் தொடர் எண்ணைக் கொண்டது ஒன்று. அது பொருத்தப்பட்ட இடத்தைக் கொண்டது ஒன்று. கோப்பு அமைப்பு உருவாகும்போதே பதிவாகும் யூயூஐடி என்னும் அடையாள எண் ஒன்று. நாமே சூட்டும் லேபிள் ஒன்று. வலையமைப்பு அட்டைகளுக்கும் இதே தொல்லை இருந்தது. 2013இல் வந்த சிஸ்டம்டி 197ஆம் பதிப்பு, ஈத்0, ஈத்1 என்ற வரிசைப் பெயர்களுக்குப் பதிலாக, அட்டை செருகப்பட்ட இடத்தைக் காட்டும் பெயர்களை வழங்கத் தொடங்கியது.

"32 இலக்கமும் 4 கோடும் கொண்ட யூயூஐடியை யார் நினைவில் வைப்பது?" என்று நண்பர்கள் கேட்கின்றனர். நியாயமான கேள்வியே. நினைவில் வைக்கத் தேவையில்லை; அமைப்புக் கோப்பில் ஒருமுறை எழுதினால் போதும். அதுவும் கடினமென்றால் 'கணக்கு', 'நகல்' என்று பொருள் விளங்க லேபிள் சூட்டலாம். நிலைத்த பெயருக்கும் எல்லை உண்டு. இடத்தைக் கொண்ட பெயர், இடம் மாறினால் மாறிவிடும். வட்டை அப்படியே படியெடுத்தால் யூயூஐடியும் கூடவே வந்து, இரட்டைப் பிள்ளைகளுக்கு ஒரே பெயர் வைத்தது போலாகும். எனினும், காலையில் யார் முந்தினார் என்பதைவிட இவை எவ்வளவோ மேல் அன்றோ?

எனவே, ஆய்வுக்கூடப் பதிவேட்டில் 'எஸ்டிபி-யில் எழுதுக' என்று இனி எழுதாதிருப்போம். அழிக்கும் ஆணை எதையும் லேபிளோ யூயூஐடியோ கொண்டே எழுதும் வழக்கத்தை ஆசிரியப் பெருமக்கள் முதல் வகுப்பிலேயே புகட்ட வேண்டுகிறேன். இழந்த கணக்கில் ஒரு பகுதி இன்னும் வரவில்லை. எங்கள் கடை வட்டின் மேல் இப்போது ஒரு காகிதம் ஒட்டியிருக்கிறது: 'கணக்கு'. எழுத்து, தந்தையாருடையது.