வெள்ளிக்கிழமையின் உருளைக்கிழங்கு

எங்கள் வீடுகளில் "இண்டைக்கு மரக்கறி" என்று சொன்னால், இன்றைக்கு மரக்கறி சாப்பிடப் போகிறோம் என்று அர்த்தம் இல்லை. இன்றைக்கு மச்சம் இல்லை என்றுதான் அர்த்தம். ஒரு வெள்ளிக்கிழமைக் கோப்பையை நினைத்துப் பாருங்கோ: சோறு, பருப்பு, உருளைக்கிழங்குப் பால்கறி, உருளைக்கிழங்குப் பொரியல், அப்பளம், மோர்மிளகாய். ஓரத்தில் பெயருக்குக் கொஞ்சம் கத்தரிக்காய். நல்லூரில் கொடி ஏறினால் 25 நாளும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது 400 கிராம் மரக்கறியும் பழமும் வேணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்தக் கணக்கில் உருளைக்கிழங்கு, மரவள்ளி, வற்றாளை எதுவும் சேராது. அவை மாப்பொருள், சோற்றின் பக்கத்து ஆட்கள். ஆக, 25 நாளும் விரதம் பிடித்த ஒருவர் மரக்கறியைப் பெரிதாகக் காணாமலே திருவிழாவை முடித்திருக்கலாம்.

இதில்தான் எங்களுக்கு முதல் சந்தேகம் வருகிறது. மரக்கறி என்ற சொல்லையே 'மீன் இல்லாத நாள்' என்று பழக்கிவிட்டு, பிறகு பிள்ளை அதை விரும்பிச் சாப்பிடேல்லை என்று குறைப்படுவது என்ன நியாயம்?

மற்றப் பிழை மருந்து கதைப்பது. வல்லாரை ஞாபகசக்திக்கு, கரட் கண்ணுக்கு, பாகற்காய் சீனி வருத்தத்துக்கு. உயர்தரப் பரீட்சை நெருங்கும்போது மட்டும் வல்லாரை வீட்டுக்குள் வரும். அப்பாவுக்குச் சலரோகம் என்று டொக்டர் சொன்ன பிறகுதான் பாகற்காய் வரும், அதுவும் சாறாக! மூக்கைப் பொத்திக்கொண்டு குடிக்கிற ஒன்றை ஆர் நாளைக்கும் கேட்பார்கள்? எங்கள் வயதுக்காரர் பலருக்கு அப்பா, மாமா, பெரியம்மா என்று வீட்டில் ஒருவராவது மருந்துக் குளிசையோடு இருக்கிறார். அந்த வரிசையில் அடுத்து நிற்கிறது நாங்கள்தான் என்று தெரியும். தெரிந்தும் பின்னேரம் ரோல்ஸ் கடைக்குத்தான் கால் போகுது. பயம் காட்டி நாக்கைத் திருப்ப ஏலாது.

நாக்கை நாக்கால்தான் திருப்ப வேணும். அதற்கு வெளிநாட்டு சலட் ஒன்றும் தேவையில்லை. அதே பாகற்காயை மெல்லிய வட்டமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, மொறுமொறு என்று பொரித்து, பச்சை வெங்காயம், பச்சைமிளகாய், தேசிக்காய்ப் புளி விட்டுச் சம்பலாகப் போட்டால் சோறு போதாமல் வரும். எண்ணெய்தானே என்பீர்கள். ஓம், எண்ணெய்தான். ஆனால் பாகற்காயோடு சிநேகிதமாக அது ஒரு வழி, சிநேகிதமான பிறகு எண்ணெயைக் குறைக்கலாம். வல்லாரையை அவிக்கவே வேண்டாம். பொடியாக அரிந்து தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயத்தோடு பிசைந்தால் போதும். முருங்கையிலை வறை சட்டிக்குள் சில நிமிசம்தான். தேங்காய்ப்பூ ருசிக்கு மட்டும் போடுவதும் இல்லை. கீரையிலும் கரட்டிலும் உள்ள பீற்றா கரோட்டின் உடம்பில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேணும். அடுப்பால் இறக்கிய பிறகு விடுகிற தேசிக்காய்ப் புளியில் உள்ள விற்றமின் சி, இலையின் இரும்புச்சத்தை உடம்பு உறிஞ்ச உதவும். அம்மம்மாமார் இந்தப் பெயர்கள் எதுவும் தெரியாமல்தான் செய்தவை. ருசிக்குத்தான் செய்தவை.

கோவா பிடிக்காது என்பவர்களிடம் நாங்கள் ஒன்று கேட்போம்: எவ்வளவு நேரம் அவித்த கோவா? நெடுநேரம் அவிந்தால் அதிலுள்ள கந்தகச் சேர்வைகள் வெளிக்கிட்டு அந்த நாற்றம் வரும். பலர் வெறுப்பது கோவாவை இல்லை, அந்த நாற்றத்தை. அதே கோவாவும் கரட்டும் லீக்ஸும் கொத்துக் கடைத் தட்டில் பெருநெருப்பில் ரண்டு நிமிசம் பிரண்டு வந்தால், முட்டைக் கொத்துக்குள் மறுபேச்சில்லாமல் இறங்கும். வீட்டில் கொத்துப் போட்டால் ரொட்டியைப் பாதியாக்கி லீக்ஸை இரட்டிப்பாக்கலாம். நாங்கள் செய்து பார்த்தோம், ஒருத்தரும் கணக்குக் கேட்கேல்லை.

எங்களைக் கேட்டால், இந்த விசயத்தில் எல்லாவற்றுக்கும் மேலே ஒடியல் கூழ்தான். நண்டும் இறாலும் மீன்தலையும் என்று எல்லோரும் கதைப்பார்கள். ஆனால் அந்தப் பானைக்குள் பயிற்றங்காய் இருக்கு, முருங்கையிலை இருக்கு, பலாக்கொட்டை இருக்கு. பிளாவில் வாங்கி உறிஞ்சுகிறபோது எவனும் 'ஐயோ கீரை' என்று விரலால் பொறுக்கி எறிந்ததை நாங்கள் காணவில்லை. அங்கே மரக்கறி தனியே ஒதுக்கப்பட்டு நிற்கவில்லை, நண்டோடு ஒன்றாக நிற்கிறது. மச்சத்தையும் மரக்கறியையும் எதிரெதிர்க் கட்சிகளாகப் பிரித்து வைத்ததால் வந்த நட்டத்தை ஒரு பானைக் கூழ் காட்டிவிடும்.

விலை? அது உண்மையான தடைதான், அதைச் சிரித்துக் கடக்க மாட்டோம். 2024 ஜனவரியில் ஒரு கிலோ கரட் 2000 ரூபா வரை போனது. போர்டிங்கில் இருக்கிற பெடியனிடம் போய் ஐந்து நிற மரக்கறி சாப்பிடு என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கும். ஆனால் கரட் ஏறிய அந்தக் காலத்திலும் வேலியில் முருங்கை நின்றது. வாழைப்பொத்தி, பொன்னாங்காணி, அகத்தி, முசுட்டை எல்லாம் நுவரெலியாவிலிருந்து லொறி ஏறி வர வேண்டியவை அல்ல.

அவற்றில் உள்ள கஷ்டம் வேறு. முருங்கையிலையை உருவ வேணும். வாழைப்பொத்தியில் ஒவ்வொரு பூவிலும் நரம்பு எடுக்க வேணும், கை கறுக்கும். கீரையை மண் போக நாலு தண்ணியில் அலச வேணும். இதையெல்லாம் செய்கிறது ஆர்? வேலை முடிந்து ஐந்து மணிக்கு பஸ்ஸால் இறங்கி வருகிற அம்மா. வெள்ளிக்கிழமையை உருளைக்கிழங்கு பிடித்துக்கொண்டதற்கும் பெரிய காரணம் இதுதான் என்று நினைக்கிறோம். தோலைச் சீவினால் வேலை முடிந்தது, வீட்டில் ஒருத்தரும் முகம் சுளிக்கவும் மாட்டினம். "அம்மா, கீரை சமைக்கிறதே இல்லை" என்று முறைப்பாடு வைக்கிற ஆண்பிள்ளைகள் குசினிக்குள் கத்தி எங்கே இருக்கிறது என்று தெரியாதவர்களாக இருந்தால், 400 கிராம் கணக்கு வீட்டில் இன்னொருத்தியின் தலையில் ஏற்றிய சுமைதான்.

ஆகவே எங்கள் யோசனை சின்னது. மாட்ச் பார்க்கிற நேரம் மடியில் ஒரு சுளகு. ரீ-ருவென்ரி ஒரு இன்னிங்ஸ் முடிய முன்னம் ஒரு வீட்டுக்குக் காணும் முருங்கையிலையை உருவிவிடலாம். கண் ஸ்கோரில் இருக்கும், சில காம்புகளும் வறைக்குள் வந்துவிடும். முதல் நாள் அதைப் பற்றி அம்மா ஒன்றும் சொல்ல மாட்டா.