பாதி விலைக்கு ஒரு வயிறு

2024 ஏப்ரலில் பம்மலில் நடந்ததை நம் பக்கத்து ஜனங்கள் அதற்குள் மறந்துவிட்டார்கள். திருநீர்மலைக்கு அடுத்த ஊர்தான். புதுச்சேரியிலிருந்து வந்த 26 வயது இளைஞர், எடை 150 கிலோவுக்கு மேல். எடை குறைப்பு அறுவை சிகிச்சைக்காக ஒரு தனியார் மருத்துவமனையில் சேர்ந்தவர் உயிரோடு வீடு திரும்பவில்லை. அரசு விசாரணைக்கு உத்தரவிட்டது, மருத்துவமனையின் உரிமம் தற்காலிகமாக நிறுத்தப்பட்டது. முதலில் பார்த்த இடத்தில் 8 லட்சம் ஆகும் என்றார்கள், பிறகு பம்மலில் 4 லட்சத்தில் செய்துகொள்ளலாம் என்றார்கள் என்று குடும்பத்தார் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது.

யார் மேல் குற்றம் என்று தீர்ப்பெழுத நான் யார்? என் சண்டை அந்த 8-க்கும் 4-க்கும் நடுவில் இருக்கிற கணக்கோடு. நான் புதுச்சேரியில் பிரெஞ்சு மொழியில் படித்தவன். செய்தியில் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் கூடுதலாக மனசு அடித்துக்கொண்டது, அவ்வளவே.

முதலில் டீக்கடை நீதிபதிகளுக்கு ஒரு வார்த்தை. "வாயைக் கட்டியிருந்தால் இது வேண்டியிருக்குமா?" என்று அப்போது பல பேர் கேட்டார்கள். 150 கிலோவுக்குப் போன உடம்பு, பட்டினி போட்டால் பசியைக் கூட்டி, செலவைக் குறைத்து, பழைய எடைக்கே திரும்பப் பார்க்கும். அதுதான் உடம்பின் சுபாவம், அதைச் சோம்பேறித்தனம் என்பது அறியாமை. இந்த அறுவை சிகிச்சை வேலை செய்கிறது. சுவீடனில் ஆயிரக்கணக்கானவர்களைப் பல ஆண்டு பின்தொடர்ந்து பார்த்தார்கள். செய்துகொண்டவர்களிடையே இறப்பு குறைவு என்று 2007-ல் முடிவு வெளியானது. நிதின் கட்கரி 2011-ல் செய்துகொண்டார். அருண் ஜேட்லி நிதியமைச்சராக இருந்தபோதே 2014-ல் செய்துகொண்டார். அவர்களை யாரும் வாயைக் கட்டச் சொல்லவில்லை. சிகிச்சை கெட்டது என்று நான் சொல்லவில்லை, அதை விற்கிற விதம் கெட்டது என்கிறேன்.

விற்பவர்கள் சொல்லாததைக் கொஞ்சம் பார்ப்போம். 'ஸ்லீவ்' என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, மீதியைக் குழாய் மாதிரி விடுவது. எடுத்தது எடுத்ததுதான், ஒட்ட முடியாது. சிலருக்கு நெஞ்செரிச்சல் நிரந்தரமாகிவிடும். 'பைபாஸ்' என்பது கோழிமுட்டை அளவுக்கும் சிறிய ஒரு பையை மட்டும் மேலே விட்டு, சிறுகுடலை இழுத்து அதில் இணைப்பது. இதில் லோசான் நகரத்து ரூ என்கிற அறுவை மருத்துவர் 19-ஆம் நூற்றாண்டில் வேறு காரியத்துக்காகக் கண்டுபிடித்த இணைப்பைப் பயன்படுத்துகிறார்கள். (விளம்பரத்தில் 'ரூ' என்று பார்த்ததும் அடுத்து தொகை வரும் என்றே நினைத்தேன். தொகை கொஞ்சம் தள்ளி வந்தது.) பைபாஸ் செய்தவர் ஒரு அல்வாத் துண்டு தின்றால் படபடப்பும் வியர்வையும் வயிற்றுப்போக்குமாகப் படுத்துவிடலாம். எதுவானாலும் பி12, இரும்பு, கால்சியம் எல்லாம் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும், ரத்தப் பரிசோதனையும் ஆயுள் முழுக்க. வேகமாக இளைப்பதால் பித்தப்பையில் கல் வரலாம். பெண்கள் ஓராண்டுக்கு மேல் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கல்யாணத்துக்காக இளைக்க வைக்கும் பெற்றோரிடம் இதை யார் சொல்கிறார்கள்?

கொழுப்பை உறிஞ்சி எடுப்பது இதில் சேராது. அது அழகு சிகிச்சை, நீரிழிவையோ குறட்டையையோ தீர்க்காது. அதிலும் ஆபத்து உண்டு. 2022-ல் பெங்களூரில் ஒரு இளம் நடிகை அதற்குப் பிறகுதான் இறந்தார். வயிற்றுக்குள் வைக்கும் பலூன் சில மாதத்தில் வெளியே எடுக்க வேண்டிய தற்காலிக ஏற்பாடு. 2025-ல் நம் நாட்டில் விற்பனைக்கு வந்த வாராந்தர ஊசிகள் பலருக்கு நன்றாக வேலை செய்கின்றன, நிறுத்தினால் எடை பெரும்பாலும் திரும்பி வருகிறது.

யாருக்கு இது தேவை? காப்பீட்டுப் பாலிசியின் பொடி எழுத்துகளைப் படிப்பது எனக்கு ஆபீஸிலிருந்தே தொற்றிய வியாதி. உடல் நிறை எண் 40, அல்லது கடுமையான துணைநோய்கள் இருந்து மற்ற வழிகள் பலிக்காமல் போயிருந்தால் 35 என்று அதில் இருக்கிறது. ஐந்தரை அடிக்குச் சற்றுக் குறைந்தவருக்கு 40 என்றால் 109 கிலோ. மருத்துவச் சங்கங்கள் 2022-ல் வரம்பைத் தளர்த்தி, ஆசியர்களுக்கு 27.5 முதலே யோசிக்கலாம் என்றன. அதே உயரத்துக்கு அது 75 கிலோ! மருத்துவர் யோசித்துச் சொல்ல வேண்டிய எண் அது. பேனர் அடிப்பவன் கையில் கிடைத்தால் தாம்பரம் மாநகராட்சியில் பாதிப்பேர் நோயாளி.

ஜி.எஸ்.டி. சாலையில் பார்த்த ஒரு விளம்பரத்து எண்ணுக்குப் போன் போட்டேன். எடையைக்கூடக் கேட்காமல், "இந்த மாசம் ஆஃபர் இருக்கு சார், மாசத் தவணையும் உண்டு" என்றாள் அந்தப் பெண். மயக்க மருந்து கொடுப்பவர் யார், வென்டிலேட்டர் அதே கட்டடத்தில் உண்டா என்றேன். "டாக்டர் கூப்பிட்டுச் சொல்வார்" என்றாள். கூப்பிடவில்லை.

கல்யாண மண்டபத்துக்குக்கூட ஜெனரேட்டர் உண்டா என்று கேட்ட பிறகுதான் முன்பணம் கொடுக்கிறோம். பெருத்த உடம்புக்கு மயக்கம் கொடுப்பதே தனி வித்தை. குறட்டைக்காரருக்குத் தூக்கத்தில் மூச்சு அடைக்கும், தொண்டையில் குழாய் போடுவது சிரமம், காலில் ரத்தம் உறைந்து நுரையீரலுக்கு ஏறலாம். தேர்ந்த இடங்களில் இறப்பு ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான். அந்த 'தேர்ந்த' என்ற சொல்லுக்குத்தான் விலை. 8 லட்சம் நியாயமான தொகை என்று நான் வாதாடவில்லை, பெரிய இடங்களிலும் கொள்ளை உண்டு. ஆனால் பாதியாகக் குறைந்தால், குறைந்தது எது என்று கேட்க வேண்டாமா? அறை வாடகையா, அல்லது ராத்திரி 2 மணிக்கு ஓடி வர வேண்டிய ஆளா?

பிரான்சில் ஒரு மருத்துவர் தனியாக இதை முடிவு செய்வதில்லை. அறுவை மருத்துவர், சுரப்பி மருத்துவர், உணவியலாளர், மனநல மருத்துவர் எல்லோரும் உட்கார்ந்து பேச வேண்டும், நோயாளிக்குப் பல மாதம் ஆயத்தம். நமக்கு திங்கட்கிழமை ஆலோசனை, புதன்கிழமை கத்தி.

தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் 1997-லேயே வந்தது. இந்த அறுவை செய்யும் ஒவ்வொரு மருத்துவமனையும் சென்ற ஆண்டு எத்தனை செய்தது, எத்தனை பேரை மறுபடி அரங்குக்குக் கொண்டுபோனது, எத்தனை பேர் இறந்தார்கள், தீவிர சிகிச்சைப் படுக்கை எத்தனை என்று வரவேற்பு மேசைக்கு மேலே தமிழில் எழுதி மாட்டச் சொல்லி ஒரு ஆணை போடலாம். அதன் வரைவைத் தயாரிக்க ஒரு பிரிவு எழுத்தருக்கு ஒரு முற்பகல் போதும்.