கோடு கிழித்தது யார்?

மதிப்பெண் குறைந்தவன் மருத்துவக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கலாமா? அது முறையா? நாட்டுக்கு நல்லதா? இப்படிக் கேட்கின்றனர் மேதாவிகள். கேட்டுவிட்டு விடையையும் அவர்களே கூறிக்கொள்கின்றனர்: கூடாது, தகுதி கெட்டுவிடும், மக்களின் உயிரோடு விளையாடுவதா என்று! அந்தக் கூச்சலைக் கேட்டு மலைத்து, விண்ணப்பத்தைக் கையில் எடுக்கு முன்பே கீழே வைத்துவிடும் இளைஞர் பலர் நம்மிடையே உள்ளனர். அவர்களுக்காகவே இதனை எழுதுகிறோம்.

தூத்துக்குடி நகரில் 2000-ஆம் ஆண்டு முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. மில்லர்புரத்துப் பிள்ளைகளுக்கு அது தொலைவான இடமன்று. துறைமுகத்தில் சுமை தூக்குவோரின் மகனும், உப்பளத்தில் பாதம் வெடிக்க உழைப்போரின் மகளும் பேருந்து ஏறினால் சென்றடையக்கூடிய இடந்தான். கட்டிடம் அருகில் இருக்கிறது. கோடுதான் தொலைவில் இருக்கிறது. அந்தக் கோட்டைக் கிழித்தது யார்? இயற்கையா? இல்லை, மனிதன். மனிதன் கிழித்ததென்றால், எதை வைத்துக் கிழித்தான், யாருக்காகக் கிழித்தான் என்று கேட்பது பகுத்தறிவின் முதற் கடமையல்லவா?

முத்துக்குளித்தலுக்குப் பேர்போனது அந்தக் கடற்கரை. கடலில் எடுத்த முத்துக்களை வணிகர்கள் துளை பெரிதும் சிறிதுமான பத்துப் பித்தளைச் சல்லடைகளில் இட்டுச் சலித்தனர். அதனோடு நின்றனரா? இல்லை! சல்லடை காட்டியது பருமனை மட்டுமே. அதன் பின்னர் உருட்சியைப் பார்த்தனர், ஒளியைப் பார்த்தனர், நிறத்தைப் பார்த்தனர். பிறகே விலை கூறினர். முத்தை மதிப்பிடவே ஒரு சல்லடை போதாதென்று உணர்ந்திருந்தனர். மனிதனை மதிப்பிட மட்டும், மூன்றே மணி நேரத் தேர்வு என்னும் ஒற்றைச் சல்லடை போதும் என்கின்றனர் இன்றைய அறிவாளிகள்!

தகுதி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. சென்னை மாகாணத்தின் வகுப்புவாரி ஆணைப்படி, ஒவ்வொரு 14 இடங்களிலும் பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணருக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, ஆங்கிலோ இந்தியருக்கும் இந்தியக் கிறித்தவருக்கும் 1, முஸ்லிம்களுக்கு 1 என்று பங்கிடப்பட்டது. தகுதி போயிற்று என்று 1950-இல் வழக்காடப்பட்டது. மருத்துவக் கல்லூரி இடத்துக்காக வழக்குத் தொடுத்த செண்பகம் துரைராசன், விண்ணப்பமே போட்டிருக்கவில்லை! விசாரித்தேன், கிடைக்காதென்று அறிந்தேன் என்று கூறியே நீதிமன்றப் படியேறினார், வென்றார். 1951 ஏப்ரல் 9-இல் உச்சநீதிமன்றம் அந்த ஆணை செல்லாது என்றது. தமிழகம் கொதித்தெழுந்தது. அதே ஆண்டு சூன் திங்களில் அரசியல் சட்டம் முதன்முறையாகத் திருத்தப்பட்டது.

இளைஞர்களே, எண்ணிப் பாருங்கள்! விண்ணப்பம் போடாமலே உரிமை கேட்கும் துணிவு ஒருபுறம். விண்ணப்பம் கையிலிருந்தும் நமக்கு ஏது என்று ஒதுங்கும் கூச்சம் மறுபுறம். அந்தத் துணிவை அவர்களுக்குத் தந்தது எது? இந்தக் கூச்சத்தை நமக்குத் தந்தது எது? மதிப்பெண்ணா? இல்லை, தலைமுறை தலைமுறையாக ஊட்டப்பட்ட எண்ணம்.

கோடு எப்படியெல்லாம் இடம் மாறியது என்றும் பாருங்கள். 1984 முதல் தமிழகத்தில் நுழைவுத் தேர்வு இருந்தது. 2007-இல் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணே அளவுகோலாயிற்று. 2017-இல் நீட் வந்தது. அரியலூர் மாவட்டத்துக் குழுமூர் அனிதா, 1200-க்கு 1176 பெற்றவர். பழைய கோட்டின்படி அவர் மருத்துவர். நீட் தேர்விலோ 720-க்கு 86. புதிய கோட்டின்படி அவர் தகுதியற்றவர். ஒரே பெண், ஒரே மூளை, ஒரே ஆண்டு! 2017 செப்டம்பர் 1-இல் அந்த விளக்கு அணைந்தது. இனி ஓர் உயிரும் இந்தக் கோட்டுக்குப் பலியாகக் கூடாது. வாழ்ந்து வழக்காடுவதே நம் வழி.

"நீட் தகுதியைக் காக்கிறதே!" என்பார்கள். காக்கிற இலட்சணத்தைக் காண்போம். 2025-இல் பொதுப் பிரிவினர்க்குத் தேர்ச்சிக்கோடு 720-க்கு 144. அதாவது நூற்றுக்கு இருபது! தேர்வு எழுதியோரை வரிசையில் நிறுத்தி நடுவில் கிழித்த கோடு அது; அறிவை அளந்து கிழித்ததன்று. அந்த 144-ஐப் பெற்றவர், ஆண்டுக்கு இருபது இலட்சம் கட்ட வல்லவரானால், நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் இடம் தேடிக்கொள்ளலாம். அவரைவிட இருமடங்கு பெற்ற ஏழைப்பிள்ளை, அரசுக் கல்லூரியில் இடமின்றி வீடு திரும்ப வேண்டும். அதைவிட வேடிக்கை, 2023-இல் மருத்துவ மேற்படிப்பு இடங்கள் காலியாகக் கிடந்தபோது, ஒன்றிய அரசே தகுதிக்கோட்டைச் சுழியத்துக்கு இறக்கியது. தேர்வு எழுதிய அனைவரும் தகுதியுடையோராயினர்! இடம் காலியென்றால் கோடு இறங்கும்; ஏழை கேட்டால் மட்டும் தகுதி கெடும். இது என்ன நியாயம்?

பாடம் அறியாதவனையும் சேர்த்துக்கொள் என்று நாம் கேட்கவில்லை. கல்லூரி வாயிலில் கேட்கும் மதிப்பெண் வேறு, கல்லூரியை விட்டு வெளியேறும்போது பெறும் தகுதி வேறு என்கிறோம். எந்த வழியில் உள்ளே வந்தவனுக்கும் வினாத்தாள் ஒன்றே, தேர்ச்சி எல்லை ஒன்றே. அதில் தேறாதவன் கையில் ஊசி கொடுக்கப்படுவதில்லை. நுழைவுத் தேர்வின்றிச் சேர்ந்தவர்களும் பணியாற்றிய தமிழகத்தில், 2020-ஆம் ஆண்டுக் கணக்குப்படி ஆயிரம் பிறப்புக்கு 13 குழந்தைகள் இறந்தன. இந்தியா முழுமைக்கும் அது 28. உயிர் காப்பதே தகுதியென்றால், இந்தக் கணக்கைப் படித்துவிட்டுப் பேசட்டும்!

ஆங்கில நாட்டைக் காட்டி நம்மை அடக்குவோர்க்கும் ஒன்று சொல்வோம். அங்கே இலண்டன் கிங்ஸ் கல்லூரி, வாய்ப்புக் குறைந்த பள்ளிகளில் பயின்றோரை வழக்கமான மதிப்பெண்ணுக்குக் குறைவாயினும் சேர்த்து, கூடுதலாக ஓராண்டு பயிற்றி மருத்துவராக்கும் திட்டத்தை 2001 முதல் நடத்துகிறது. 2020-இல் கொள்ளைநோயால் அங்கே தேர்வு நடக்கவில்லை. ஆசிரியர்கள் கணித்த தரத்தைக் கணிப்பொறிக் கணக்கு ஒன்று குறைத்தது. நூற்றுக்கு நாற்பதுக்கு அருகில் தரம் இறங்கியது. மாணவர் தெருவில் இறங்கினர். நான்கே நாளில் அரசு பணிந்து, ஆசிரியர் அளித்த தரத்தை ஏற்றது. மருத்துவ இடங்களுக்கிருந்த வரம்பையும் தளர்த்தியது. கேட்டவர்க்குக் கதவு திறந்தது!

இங்கும் திறந்ததுண்டு. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காடு ஒதுக்கும் சட்டம் 2020-இல் வந்தது. முந்தைய ஆண்டில் விரல்விட்டு எண்ணத்தக்க அரசுப் பள்ளிப் பிள்ளைகளே மருத்துவக் கல்லூரிக்குள் சென்றனர். சட்டம் வந்த ஆண்டிலேயே முந்நூறுக்கு மேற்பட்டோர் சென்றனர். ஓராண்டில் அவர்களுக்கு மூளை வளர்ந்துவிட்டதா? இல்லை. வாயில் அகன்றது, அவ்வளவே!

ஆகவே மில்லர்புரத்து இளைஞனே, தங்கையே! மதிப்பெண் குறைந்ததென்று ஒதுங்காதீர். விதி அனுமதிக்கும் எல்லாப் பட்டியலிலும் பெயரைப் பதியுங்கள். இல்லை என்று சொல்வதானால் அவர்கள் சொல்லட்டும். அவர்களுக்கு முன்பே நாம் நமக்குச் சொல்லிக்கொள்ள வேண்டா. அவர்கள் இல்லையென்றால், ஏன் இல்லை என்று கேளுங்கள். ஊர் கேட்கும்படி கேளுங்கள். 1951-இல் அப்படிக் கேட்டதால்தான் சட்டமே திருந்தியது.